குறட்டை விடுகிறவளுக்குத் தூக்கம் வரவில்லை

கோவையில் அந்த மருத்துவமனையின் தாழ்வாரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். தூக்கம் வரவில்லை என்று சொல்வதற்காகத்தான் அங்கே போயிருந்தேன். நர்ஸ் தோளைத் தொட்டு, "அம்மா, உங்க பேரை எத்தனை தடவைங்க கூப்பிடறது?" என்றபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

எங்களுக்குப் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு நார் மில் இருக்கிறது. தேங்காய் மட்டையை நாராக்கிக் களத்தில் காயவைத்து அனுப்புவோம். ஆட்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாதவிலக்கு நின்ற வருடம் தூக்கம் கெட்டது. படுத்தால் வராது. வந்தாலும் யாரோ உலுக்கியது போல விழிப்பு வந்துவிடும். மறுபடி கண் மூட முடியாது. காலையில் தலை கனக்கும், வாய் உலர்ந்திருக்கும்.

"இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தானுங்க" என்று ஊர் டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் கணவர் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். புழுக்கம் என்றார். வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாத்திரை போட்டால் நினைவில்லாமல் கிடப்பேன். எழுந்தால் களைப்பு இன்னும் கூடியிருக்கும். ஒருநாள் பட்டப்பகலில், மில்லுக்குப் போகும் வழியில் கண் செருகி, ஸ்கூட்டரோடு வாய்க்கால் கரையில் சரிந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் வாய்க்காலில் அன்று கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கணவர் வந்து வண்டியைத் தூக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகுதான் கோவைக்கு வந்தோம்.

டாக்டர் ஒரு பெண். நான் சொல்லி முடித்ததும், "குறட்டை உண்டா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

கணவர் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க டாக்டர், நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?" என்று என்னைப் பார்க்காமலே தொடங்கினார். "குறட்டை நெம்ப ஜாஸ்திங்க. அதுகூடப் பரவால்லீங்க. திடீர்னு சத்தமே நின்னு போயிருது. மூச்சே இருக்காதுங்க. பொறகு திணறி இழுக்கறா. மாத்திரை போட்ட அன்னிக்கு அது இன்னும் மோசமுங்க. நான் எந்திரிச்சுப் போயித் தோளை அசைச்சு உடுவேன்."

"என்கிட்ட ஏனுங்க சொல்லலை?"

"பொம்பளைகிட்டப் போயிக் குறட்டைன்னு எப்படிச் சொல்றது? சங்கடப்படுவேன்னு உட்டுப்போட்டேன்."

முதலில் எனக்கு வந்தது வெட்கம்தான். கூடத்தில் படுத்தவர் தூங்கப் போகவில்லை, அங்கிருந்து என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது.

பிறகு ஒரு ராத்திரி மருத்துவமனையிலேயே தங்கவைத்து, உடம்பெங்கும் ஒயர் ஒட்டித் தூக்கப் பரிசோதனை செய்தார்கள். வந்த பெயர் ஸ்லீப் ஆப்னியா (தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை அடைபட்டு, மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது). அதோடு தூக்கமின்மையும்.

"ரெண்டும் உங்களுக்கு நிஜம்தாம்மா" என்றார் டாக்டர். "மூச்சு நிக்கறப்பல்லாம் மூளை உங்களை எழுப்பி விடுது. அப்படியே பழகி, இப்ப படுக்கையைப் பார்த்தாலே முழிச்சுக்குது. ஒண்ணை மட்டும் பார்த்தா போதாது."

சிபாப் (மூக்கில் கவசம் மாட்டி, காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காக்கும் கருவி) கொடுத்தார்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. முகத்தை யாரோ பொத்துவது போலிருந்தது. விழித்துக் கிடக்கிறவளுக்கு அந்தக் காற்றின் ஒவ்வொரு இரைச்சலும் கேட்கும். கழற்றி வைத்துவிட்டேன். "என்னால ஆகாதுங்க" என்று டாக்டரிடம் அழுதேன்.

அவர் திட்டவில்லை. மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். பகலில் டிவி பார்க்கும்போது கவசத்தைச் சும்மா மாட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார் அந்த ஆலோசகர். தூக்கம் கண்ணைச் சுழற்றும்வரை படுக்கைக்குப் போகக் கூடாது; போயும் வராவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்; எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டும். மாத்திரையை டாக்டர் சிறிது சிறிதாகக் குறைத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று எச்சரித்தார். தூக்கம் சீராகும்வரை ஸ்கூட்டர் ஓட்டுவதும் மில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதும் கூடாது.

தொடக்கத்தில் முன்பைவிட மோசமாக இருந்தது. எரிந்து விழுந்தேன். மில்லைத் தனியாகப் பார்த்துக்கொண்டு, என்னையும் பார்த்துக்கொண்டார் கணவர். ஒருநாள் கவசத்தைத் தரையில் வீசினேன். அவர் எடுத்துக் கழுவி, துடைத்து, வெயில் படாத இடத்தில் காயவைத்தார். அன்று மாலை படுக்கையைக் கூடத்திலிருந்து உள்ளே தூக்கி வந்தார்.

"மிசின் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமுங்க."

"உன்ர சத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலாம்."

நெடுநாள் கழித்துச் சிரித்தேன். எப்போது கவசத்தோடு தூங்கத் தொடங்கினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு விடியலில் கனவு ஒன்று பாதியில் நிற்க விழித்தேன். கனவு கண்டே வருடங்கள் ஆகியிருந்தன.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் சில நாட்கள் தூக்கம் வருவதில்லை. அதற்காக இப்போது பயப்படுவதில்லை. தூக்கம் வரவில்லை என்று சொல்லும் உங்கள் வீட்டுப் பெண் குறட்டையும் விட்டால், அவள் பொய் சொல்கிறாள் என்று எண்ணாதீர்கள். சங்கடம் பார்க்காமல் அவளிடம் சொல்லுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது மார்பு ஏறி இறங்குவதை இப்போது கவனிக்கிறேன். இதுநாள்வரை கேட்காமலே வந்துபோன ஒன்று. அந்த வருடங்கள் என் நினைவில் முடியாத ஒரே பகலாக இருக்கின்றன. அப்போதெல்லாம் எது நேற்று, எது போன வாரம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்ததில்லை.

போன வாரம் களத்தில் நாரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கணவர் கேட்டார்: "மழை நேத்தா பேஞ்சுது, முந்தாநேத்தா?"

"முந்தாநேத்துங்க" என்றேன், நிமிராமலே.