மா இடிப்பமோ?

போன கிழமை பேரனைக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவனுக்குப் பேச்சுத் திக்கும். பயிற்சி கொடுக்கும் பிள்ளை அவன் கையைப் பிடித்து மேசையில் வைத்து, "ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தட்டு. தட்டித் தட்டிச் சொல்லுங்கோ, ராசா" என்றாள். தட்டினான். தன் பெயரைத் தடக்காமல் முழுதாகச் சொன்னான். மகளுக்கு வாயெல்லாம் பல். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த வைத்தியத்தை என் அக்கா அறுபது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து அக்கராயனில் குடியேறியவர்கள் நாங்கள். அக்காவுக்குத் "தண்ணி" என்று கேட்டு முடிப்பதற்குள் தாகமே தீர்ந்துவிடும். இப்படி நானும் அந்தக் காலத்தில் பகிடி பண்ணியவள்தான். ஆனால் அவள் கையில் உலக்கையைக் கொடுத்துப் பாருங்கள்! ஊறின அரிசி வாசம் குசினியில் எழும்ப, நானும் அவளும் மாறி மாறி உலக்கை போடுவோம். அந்தத் தாளத்தில் அவள் உடம்பு சாயும், நிமிரும். பேச்சு வாய்க்கால் தண்ணீர் மாதிரி வரும். ஊர்ப் புதினம், அம்மாவில் கோபம், ரகசியம் எல்லாம் அங்கேதான். "அக்கா, மா இடிப்பமோ?" என்று நான் கேட்டால், கதைப்போமா என்று அர்த்தம். எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் மா இருந்தது.

கும்மியும் அப்படித்தான். பங்குனித் திங்களில் அம்மன் கோவிலில் கைதட்டிச் சுற்றிவந்து பாடும்போது அவள்தான் முதல் குரல். அதைக் கேட்டுத்தான் நெடுங்கேணியிலிருந்து சம்பந்தம் வந்தது.

"வாயைத் திறவாத. வெக்கப்படுறாள் எண்டு நினைப்பினம்" என்று அம்மா சொல்லிவைத்தா.

அன்று பின்னேரம் அக்கா உலக்கையை ஓங்கி ஓங்கிப் போட்டாள். "ஏமாத்தி ஒருத்தரைக் கட்டமாட்டன். நானே சொல்லப்போறன். அவையள் வந்து இருந்தவுடன நீ குசினிக்குள்ள மா இடி. அந்தச் சத்தம் எனக்குக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம் அக்கா" என்றேன். அம்மன் மேல் சத்தியமும் பண்ணினேன்.

மாப்பிள்ளை பகுதி காரில் வந்தது. என் வாழ்க்கையில் நான் தொட்ட முதல் கார். ரப்பர் குமிழ் வைத்த ஹோர்ன். டிரைவர் நல்ல மனுஷன், "அமத்திப் பார் பிள்ளை" என்றார். அமத்தினேன். பாம், பாம். பத்து வயதுச் சத்தியம் அவ்வளவுதான்.

ஞாபகம் வந்து ஓடிப்போனபோது அக்கா விறாந்தையில், வந்தவர்களுக்கு முன்னால் நின்றாள். "எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சனீங்கள்?" என்று மாப்பிள்ளை அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். அவள் குசினி வாசலையே பார்த்துக்கொண்டு, "நா... நா... நா..." என்று நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டா. நான் பாய்ந்து போய் உலக்கையை எடுத்து வெறும் உரலில் இடித்தேன். இடித்துக்கொண்டே இருந்தேன். கார் போன பிறகு அம்மா வந்து கன்னத்தில் ஒன்று தந்தா.

அக்கா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மூன்றாம் நாள், "அக்கா, மா இடிப்பமோ?" என்று கேட்டேன். வந்தாள். உலக்கை பிடித்தாள். மா முழுவதும் இடித்து அரித்து முடித்தோம். ஒரு சொல் இல்லை. அடுத்த பங்குனியில் கும்மிக்கும் போகவில்லை. கலியாணமும் கட்டவில்லை. அவளுக்குப் பேச வராமலில்லை, என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு ஊருக்கு மில் வந்தது. உரலைக் கோழிக்குத் தண்ணீர் வைக்க முற்றத்தில் போட்டோம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது அதுவும் இல்லை, வீடும் இல்லை, கும்மி கொட்டிய பெட்டைகளில் பாதிப்பேரும் இல்லை.

அக்கா கடைசியாகக் கிடந்தது இதே ஆசுபத்திரியில்தான். நான் கட்டில் சட்டத்தில் மெல்லத் தட்டத் தொடங்கினேன். உலக்கைத் தாளம்; அவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பிறகு தன் கையை என் கைமேல் வைத்து அதை நிறுத்தினாள்.

"கா... காணுமடி" என்றாள்.