முன்னே ஓடிய வண்டி

நவமணி, உருண்டு வரும் எதையும் எதிரே நின்று பிடித்ததில்லை. பாக்கார் ஆராங் வட்டாரத்தில் பிள்ளைகள் உதைத்த பந்தானாலும், சந்தையில் சரிந்து ஓடிய பூசணிக்காயானாலும், அதன் கூடவே நாலு எட்டு ஓடி அப்புறம்தான் கை வைப்பார். "பந்தைப் பிடிக்கிறீங்களா, பந்துக்கு வழித்துணை போறீங்களா?" என்று மனைவி பிரேமாவதி கேலி செய்வார். அவர் சிரிப்பார், ஓடுவதை மட்டும் விடமாட்டார்.

ஜப்பான்காரன் படையோடு வந்தபோது நவமணிக்குப் பதினெட்டு வயது. சுங்கைப் பட்டாணியில் படித்த பள்ளி மூடிவிட, புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் தண்டவாள வண்டி தள்ள வந்தான். வண்டி நிற்கும் இடமெல்லாம் அதன் பலகையில் கரித்துண்டால் பௌதிகக் கணக்குப் போடுவான்.

"கணக்கு கஞ்சி ஊத்துமா தம்பி?" என்பாள் கூடத் தள்ளும் ராக்காயி. அதே கேள்வி அவனுக்குள்ளும் இருந்தது.

நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆயுத பூஜை. வண்டிகளைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் இட்டார்கள். பிரேக் பிடிக்கும் இருளப்பன் பக்தி மிகுந்துபோய், சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் கட்டைக்கும் சேர்த்து எண்ணெய் தடவிவிட்டார்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முதல் வண்டி கிளம்பியது. ஒழுகும் தன் வீட்டுக்காக ராக்காயி சேர்த்த மரக்கம்பங்களும் கூரை வேயும் அத்தாப்பு ஓலைக் கட்டுகளும் அதில் இருந்தன. அவளும் நவமணியும் இறக்கத்தைத் தாண்டிச் சமதரைக்கு வந்திருந்தார்கள். முன்னால் ஒரு மேடு. மேட்டுக்கு அப்பால் ஆற்றுத்துறையில் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் அலறல் கேட்டது. "கட்டை பிடிக்கலடா! வழுக்குது! ஓடிருங்க!"

கிழங்கு மூட்டைகளோடு இரண்டாம் வண்டி இறக்கத்தில் பாய்ந்து வந்தது. மூட்டைகளின் இடுக்கில் இருளப்பன், குதிக்க வழியில்லை.

ராக்காயி கல்லைத் தூக்கினாள். "நம்ம வண்டிக்கு அடை குடு! குறுக்க நிக்கட்டும்!"

"வேணாங்க்கா! நின்ன வண்டியில மோதினா அண்ணன் பொழைக்க மாட்டாரு. தள்ளுங்க, முன்னால ஓட விடுங்க!"

"ஓடுற வண்டிய நிறுத்தச் சொன்னா, இதையும் ஓட்டச் சொல்றியே! பித்தா?"

"தள்ளுங்கக்கா!"

இரண்டும் ஏறக்குறைய ஒரே பாரம். ஒட்டிக்கொண்டால் இரண்டு வேகத்துக்கும் நடுவான வேகத்தில் போகும். பாரம் எவ்வளவாயிருந்தாலும் சரி, மேட்டில் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை வேகம்தான் தீர்மானிக்கும். வேகம் பாதியானால் உயரம் கால்வாசி. பலகையில் எத்தனையோ முறை போட்ட கணக்குத்தான். ஆனால் பலகையில் வரைந்த வண்டியில் ஆள் இருந்ததில்லை. கணக்குத் தப்பினால் மேட்டுக்கு அப்பால் அந்தப் பெண்கள்.

மூச்சுத் திணறத் தள்ளி ஓடினார்கள். "விடுங்க!" என்று கத்தி, ராக்காயியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் பாய்ந்தான்.

பின்வண்டியின் மூக்கு அத்தாப்புக் கட்டுகளுக்குள் புதைந்தது. இரண்டும் ஒன்றாக மேட்டில் ஏறின. பாதி ஏறின. இன்னும் கொஞ்சம் ஏறின. நின்றன. பிறகு தொட்டில்போலப் பின்னுக்கு உருண்டு, முன்னுக்கு உருண்டு, நடுவிலிருந்த சமதரையில் ஓய்ந்தன.

மூட்டைகளுக்குள்ளிருந்து இருளப்பன் தலை நீட்டினார். மூக்கில் ரத்தம். "ஆயுத பூஜைக்குப் பலி கேட்டுச்சுலா வண்டி. எலுமிச்சம்பழமே போதும்னு விட்டுருச்சு."

"நாளைக்கு எண்ணெய் வேணும்னா உங்க தலையில தேய்ங்க!" என்றாள் ராக்காயி. சிரித்துக்கொண்டே திரும்பியவள், நார் நாராகக் கிழிந்து கிடந்த தன் கூரை அத்தாப்பைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"நானே வேய்ஞ்சு தரேன்க்கா," என்றான் நவமணி.

அத்தாப்பு கிடைப்பதற்குள் அவள் குடும்பத்தைக் கோத்தா கோலா மூடா பக்கம் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சண்டை முடிந்து, பள்ளி திறந்து, படித்து முடித்தபின் அத்தாப்புக் கட்டோடு தேடிப் போனான். அவள் வீட்டுக்குத் தகரக் கூரை வந்திருந்தது.

"தகரத்து மேல அத்தாப்பு வேயவா தம்பி? எடுத்துட்டுப் போ. கடன் அப்படியே நிக்கட்டும்."

பின்னாளில் நவமணி ஆசிரியராகி, இரண்டு வண்டிக் கணக்கைக் கரும்பலகையில் வரையும்போதெல்லாம், முன்வண்டியின்மேல் ஒரு கட்டு அத்தாப்பையும் வரைந்துவிடுவார். அந்தக் கூரையை மட்டும் அவர் கடைசிவரை வேய்ந்து கொடுக்கவில்லை.