துரை பங்களாவுக்குப் பின்னால்

சுங்காய்க்குப் பக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில், பழைய துரை பங்களாவைப் புதுப்பித்துச் சுற்றிப்பார்க்க விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே அண்ணனுக்குப் போன் செய்தேன். அப்பாவைப் புதைத்த இடம் அந்தப் பங்களாவுக்குப் பின்னால், ஆற்றைத் தாண்டி இருந்தது. அவர் இறந்தபோது எனக்கு ஐந்து வயது. படிப்புக்காக என்னை ஈப்போவுக்கு, புந்தோங் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் அம்மாவோடு தோட்டத்திலேயே இருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். இடம் அவருக்குத்தான் தெரியும்.

எப்போது கூப்பிட்டாலும் ஒரு காரணம் சொன்னார். முழங்கால் வலி, மழை, பேரனுக்குக் காய்ச்சல். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் நானே அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தேன்.

இடுகாட்டுக்குப் போக முடியுமா என்று பங்களா ஆபீசில் முன்கூட்டியே போனில் கேட்டிருந்தேன். "வாங்க, ஏற்பாடு பண்ணலாம்" என்றார்கள். போய்ச் சேர்ந்தால், அப்படிச் சொன்னது யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு மற்றவர்களோடு நடந்தோம். வழிகாட்டி நாற்பது வயதுத் தமிழர். துரையின் குளியல் தொட்டியைப் பற்றி கால்மணி நேரம் பேசினார். லயத்து வீடுகள் இருந்த பள்ளத்தை ஜன்னல் வழியாகக் கைகாட்டி, "வேலையாளுங்க அங்க இருந்தாங்க" என்பதோடு முடித்துக்கொண்டார்.

பிறகு காட்டுப்பாதை. உயரத்தில் இருவாட்சி ஒன்று சிறகடித்துப் போக, எல்லோரும் போனைத் தூக்கினார்கள். மிச்சம் வைத்திருந்த ஒரு பால்மரத்தில் வழிகாட்டி கத்தியை வைத்து இழுத்துக் காட்டினார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஆழமா போவுதுலா! கட்டையில பட்டா மரம் காயமாயிரும்."

"சும்மா காட்டுறதுக்குத்தாண்ணே" என்று அவர் சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும் நான் இடுகாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அது டூர்ல இல்லக்கா."

"தெரியும். எங்கப்பாவ அங்கதான் பொதச்சிருக்கு."

அவர் முகம் மாறியது. ஆபீசுக்குப் போன் செய்து, திரும்பி நின்று மெதுவாகப் பேசினார். பிறகு சொன்னார்: "அங்க எண்ணெய்க்குச் செம்பனை நடுறதுக்கு முன்னால எல்லா குடும்பத்துக்கும் கடிதம் போட்டாங்களாம்க்கா. எலும்பத் தோண்டி எடுத்துட்டுப் போய் வேற எடத்துல பொதச்சுக்கச் சொல்லி."

"எங்களுக்கு ஒண்ணும் வரல!" என்று கத்தினேன். குளியல் தொட்டிக்குப் பாலிஷ் போட்டுப் பாதுகாக்கத் தெரிந்தவர்களுக்கு, இதற்கு ஒரு வேலி போடத் தெரியவில்லையா என்றெல்லாம் கேட்டேன். அவரிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தேதான் கேட்டேன். அண்ணன் அந்தப் பால்மரத்துக் கீறலையே தடவிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி மனமிரங்கி எங்களை ஆற்றங்கரைவரை கூட்டிப்போனார். சேற்றில் என் செருப்பு அறுந்தது. காலில் இரண்டு அட்டைகள். அக்கரையில் காட்டுப்பன்றிக்காகப் போட்ட மின்கம்பி வேலி. அதற்கு அப்பால் வரிசை வரிசையாகச் செம்பனை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது.

"எந்த எடம்ண்ணே?"

அண்ணன் ஒரு பக்கம் கையை நீட்டினார். அப்புறம் வேறு பக்கம். அப்புறம் கையை இறக்கிவிட்டார்.

"கடிதம் வந்துச்சு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"அம்மா செத்துப்போன வருசம். எனக்கு அப்ப ஃபேக்டரியில ராத்திரி வேல. லீவு கேக்கணும், ஆள் புடிச்சுத் தோண்டணும்... அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இருந்துட்டேன். தேதி முடிஞ்சு போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ போயிருப்ப. பெரியவன் நான் சும்மா இருந்தேன்னு ஆயிரும்."

வழிகாட்டி நாகரிகமாகத் தள்ளிப் போய் நின்றார். கொண்டுவந்த சாமந்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேலிக்கு இப்பாலேயே தரையில் வைத்தேன். சூடம் ஏற்றலாமா என்று கேட்டதற்கு, காய்ந்த மட்டை கிடக்கிறது, கூடாது என்றார் வழிகாட்டி.

திரும்பும் வழியில் பீடோரில் தேநீர் குடிக்கலாமா என்றார் அண்ணன். நான் நிறுத்தவில்லை. ஈப்போவில் அவர் வீட்டு வாசலில்தான் காரை நிறுத்தினேன். அவர் இறங்கியதும் கண்ணாடியைக்கூட இறக்காமல் காரை எடுத்தேன்.

அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல்லாவது வைக்க அனுமதி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். மூத்த பிள்ளையின் கையெழுத்தும் வேண்டுமாம். தாள் மூன்று வாரமாக அண்ணன் வீட்டில் கிடக்கிறது. நேற்று போன் செய்தபோது, மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, புதுசு வாங்கியதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.