பனியன் துணியில் தொங்கிய சைக்கிள்

என் தங்கை பதினோராம் வகுப்பு அரசாங்கப் பரீட்சை எழுதிய வருஷம், எங்கள் வீட்டில் பயந்தவன் நான் ஒருவன்தான். அவள் பயப்படவில்லை. அம்மாவுக்கு முருகன் இருந்தார். மிச்சமிருந்த பயம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அப்பா தவறியபோது எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனவன் நான். கட்டிங் மேசையில் வேலை. எங்கள் சொந்தத்தில் பெண்பிள்ளை எவளும் அதுவரை பதினோராம் வகுப்பை எட்டிப் பார்த்ததில்லை. கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்தவர்களையெல்லாம் "பரீட்சை முடியட்டுங்க" என்று அம்மா திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். பாஸானால் டீச்சர் டிரெய்னிங்குக்கு அனுப்புவது, தவறினால் வருகிற வரனை முடித்துவிடுவது என்று வீட்டில் ஏற்பாடு. ஆகவே அந்தப் பரீட்சைக்கு அவள் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். போய்ச் சேர்ப்பது என் பொறுப்பு என்று நானாகவே வைத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊரான நெருப்பெரிச்சல் என்றால் சோளக்காடும் கிளுவை வேலியும்தான். திருப்பூருக்கு நாலைந்து மைல். பஸ் ஒன்று உண்டு; அதற்கு மனசு இருந்தால் வரும். நான் காலையில் சங்கு ஊதுவதற்குள் கம்பெனியில் இருக்கவேண்டும் என்பதால் முன்னாலேயே சைக்கிளில் போய்விடுவேன். தங்கை பக்கத்து வளவுப் பெண்கள் இரண்டு பேரோடு தினமும் நடந்துதான் திருப்பூருக்குப் பள்ளிக்கூடம் போவாள். பரீட்சைக்கும் அப்படியே போய்க்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நடந்து போனால் களைப்பு வரும், களைப்பில் படித்தது மறந்துபோகும், செருப்பு அறுந்தால் என்ன செய்வது? மேனேஜரிடம் சொல்லி பரீட்சை நாட்களில் மத்தியானம் வேலைக்கு வர உத்தரவு வாங்கினேன். கேரியரில் உட்காரவைத்து நானே கொண்டுபோய் விடுவேன் என்று அறிவித்தேன்.

"உங்க சைக்கிள்லயா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. என் சைக்கிளின் செயின் மேடு ஏறும்போதெல்லாம் கழன்றுவிடும். சக்கரங்கள் இரண்டும் அரிசி புடைப்பதுபோல் சத்தம் போடும். ரிப்பேர் கடையில் விடலாம். ஆனால் கடைக்காரர் கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த சைக்கிள்களில் பொங்கலுக்கு முன்னால் போனவையும் இருந்தன. கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார். நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் சைக்கிள் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைக் கவிழ்த்து, சீட்டும் ஹாண்டில்பாரும் தரையில் படும்படி நிறுத்திக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் கவிழ்க்கப் போனேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தாள்.

முன் மட்கார்டின் நுனியில் ஒரு பித்தளை வேல் இருந்தது. சைக்கிள் வாங்கிய வருஷம் பழனிக்குப் போனபோது அம்மா வாங்கிவந்து, சாமி காலடியில் வைத்து எடுத்து, என்னைக்கொண்டே திருகவைத்தது. ஆயுத பூஜைக்குச் சைக்கிளுக்குப் பொட்டு வைத்தால் முதல் பொட்டு அந்த வேலுக்குத்தான்.

"வேலத் தலைகீழா நிறுத்துவியா கண்ணு? அதுவும் பரீட்சை நேரத்துல?"

கழற்றிவைத்துவிட்டு வேலை செய்கிறேன் என்றேன். பரீட்சை முடிகிற வரைக்கும் யாரும் அதில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். வேல் நிமிர்ந்தே இருக்கவேண்டும். சக்கரம் தரையில் படாமலும் இருக்கவேண்டும். கடைக்காரர் மாதிரி விட்டத்தில் தொங்கவிடலாம் என்றால் எங்கள் விட்டத்தில் கரையான். சைக்கிளோடு ஓடும் சேர்ந்து தலையில் விழுவதை நான் மனசுக்குள் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் ஸ்டாண்டு யோசனை வந்தது.

சலவைப் பட்டறையில் துணி காயப்போடுகிற மூங்கில்களில் விரிசல் விட்டவற்றை ஒதுக்கிவைத்திருப்பார்கள். கேட்டு ஐந்து மூங்கில் வாங்கிவந்தேன். இரண்டிரண்டாகக் கத்திரிக்கோல் மாதிரி நிறுத்தி, தலையில் இறுக்கிக் கட்டி, நடுவில் ஒன்றைக் குறுக்கே போட்டேன். கால்கள் அகன்று போகாமலிருக்கக் கீழே பலகை அடித்தேன். பலகை அகன்றுவிடுமோ என்று அதற்கு முட்டுக்கொடுத்துக் கல் வைத்தேன். கல் நகருமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கை, கல்லுக்கு ஒரு காவல்காரனைப் போடலாம் என்றாள்.

சைக்கிளைத் தொங்கவிடக் கயிறு வேண்டும். தேங்காய் நார்க் கயிறு பெயிண்டைச் சுரண்டிவிடும். கம்பெனியிலோ மிருதுவான துணிக்குப் பஞ்சமே இல்லை. கட்டிங்கில் மிஞ்சுகிற பனியன் துணி வேஸ்ட் அந்தக் காலத்தில் திருப்பூரில் இல்லாத வீடு கிடையாது. தலையணைக்குள் அது, அடுப்படியில் பிடிதுணி அது, கன்றுக்குட்டி கட்டுவதும் அதில்தான். நீளமான பட்டைகளாகப் பார்த்து ஒரு மூட்டை கொண்டுவந்தேன். மூன்று பட்டையைச் சேர்த்துப் பின்னிக் கொடுக்கும்படி தங்கையிடம் கேட்டேன். புவியியல் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டே பின்னினாள்.

"எனக்கு ஜடை போட ஒரு ரிப்பன் கேட்டு மூணு மாசமாச்சு. உங்க சைக்கிளுக்கு ரெட்டை ஜடையா?"

பின்னல் தாங்குமா என்ற சந்தேகத்தில் முதலில் நானே அதில் தொங்கிப் பார்த்தேன். அறுந்துபோகவில்லை. நான் பயந்தது அறுந்துபோவதற்கு மட்டும்தான். அங்கேதான் கோட்டை விட்டேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினேன். சீட்டுக்கடியில் ஒரு பின்னல், ஹாண்டில்பாருக்கடியில் ஒரு பின்னல். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சக்கரங்கள் நின்றன. பெடலைச் சுற்றினால் பின்சக்கரம் காற்றில் ஓடியது. வேல் நிமிர்ந்து நின்றது. அம்மா அதற்கு ஒரு பூ வைத்தாள். வளவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கம்பெனியிலேயே பின்னல் மெஷினுக்கு ஃபிட்டர். ஸ்டாண்டைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார், பின்னலை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், "நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

செயினை இறுக்கியதோடு நிறுத்தியிருக்கலாம். என் சுபாவத்துக்கு அது போதவில்லை. இரண்டு சக்கரத்தையும் கழற்றினேன். அச்சிலிருந்த சின்ன இரும்புக் குண்டுகளை எல்லாம் எடுத்து, ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போட்டேன். கிண்ணத்தைத் தொலைத்துவிடக்கூடாது என்று சைக்கிளுக்கு நேர் கீழேயே வைத்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. இப்பவே மாட்டிவிடும்படி தங்கை சொன்னாள். இரவு முழுக்க ஊறினால்தான் பழைய கிரீஸ் விடும், விடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் விளக்கத்தைக் கேட்கவில்லை, படிக்கப் போய்விட்டாள்.

விடிகாலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை.

பின்னல் அறுந்துபோகவில்லை. மூங்கில் சாயவில்லை. கல்கூட நகரவில்லை. ஆனால் சைக்கிள் கீழே வந்திருந்தது. பனியன் துணி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு, முன்பக்கம் கனம் என்பதால் அங்கே இன்னும் அதிகமாக இழுபட்டு, சக்கரமில்லாத சைக்கிள் தொட்டியில் தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. முன் ஃபோர்க்கு கிண்ணத்தைத் தள்ளிக் கவிழ்த்திருந்தது. வேல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா வைத்த பூ கீழே கிடந்தது.

நாங்கள் பரம்பரையாக நெசவு செய்த குடும்பம். எங்கள் வீட்டில் துணி என்றால் இழுபடாதது. என்னைத் தொட்டிலில் போட்டது தறிச் சேலையில். கடைசி வரைக்கும் கட்டின உயரத்திலேயே நின்றதாம். அதெல்லாம் சரி. ஆனால் அந்தக் காலை நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது வேறொன்று. கம்பெனியில் துணியை மேசையில் விரித்ததும் நாங்கள் வெட்டமாட்டோம். இழுபட்ட துணி சுருங்கி அடங்கட்டும் என்று ஒரு ராத்திரி போட்டுவைத்து, மறுநாள்தான் கத்திரி வைப்போம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

தங்கை தலையை வாரிக்கொண்டே வெளியே வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, பனியன் துணி இழுபடாட்டி தலை எப்படீங்க உள்ள போகும்?"

எனக்குச் சிரிக்க நேரமில்லை. மண்ணெண்ணெய் குடித்த மண்ணில் குண்டுகளைத் தேடினோம். தெளித்த தண்ணீரோடு சில சாக்கடைக்குப் போயிருந்தன. கிடைத்தவை ஒரு சக்கரத்துக்கே போதவில்லை. நான் மண்டியிட்டு விரலால் மண்ணைச் சலித்துக்கொண்டேயிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட வருகிற பெண்கள் இருவரும், நான் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்ததால், முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. பஸ் வந்தால் வரும் என்றேன். அம்மா சைக்கிளை நிமிர்த்திப் பிடித்து வேலில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்; வாயில் ஏதோ முணுமுணுப்பு, என்னைப் பற்றியா முருகனிடமா என்று தெரியவில்லை.

தங்கை பேனாவில் மை ஊற்றி, மைப்புட்டியை என் சட்டைப் பையில் போட்டாள். "எந்திரீங்க, நடக்கலாம்" என்றாள்.

இருவரும் நடந்தோம். நடந்தோம் என்பது அவளுக்குப் பொருந்தும். நான் ஓடிக்கொண்டும் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டும் போனேன். கால் மணிக்கொரு தரம், எதிரே வருகிறவர்களிடம் மணி கேட்டேன். மூன்றாவது ஆளிடம் கேட்டபோது அவள் புத்தகத்தை என் கையில் திணித்தாள்.

"மணி கேக்கறத உட்டுட்டு என்னைக் கேள்வி கேளுங்க."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் படிக்க வந்ததை எழுத்துக்கூட்டிக் கேட்டேன். அவள் முன்னால் பார்த்தபடியே பதில் சொல்லிக்கொண்டு நடந்தாள். ஓர் இடத்தில் தப்பாகச் சொன்னாள். புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று தயங்கிச் சொன்னேன். பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஆமாங்ணா" என்று சரியான பதிலை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் எத்தனை பேர் எதிரே வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது முதல் மணிகூட அடித்திருக்கவில்லை. அவள் உள்ளே போய் அரை ஃபர்லாங் தூரம் நான் திரும்பி நடந்த பிறகுதான் மைப்புட்டி என் பையில் இருப்பது தெரிந்தது. ஓடினேன். காவல்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மத்தியானம் கம்பெனிக்குப் போனால் விஷயம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. ஃபிட்டர் சொல்லியிருந்தார்; அவருக்கு வேலையே அதுதான். துணி இழுபடும் என்று முந்தின நாளே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கட்டிங் மாஸ்டருக்கு நாஞ் சொல்லித் தரோணுமா?" என்றார். ஆனாலும் சாயங்காலம் புதுக் குண்டுகளோடு வீட்டுக்கு வந்து, நார்க் கயிற்றில் சைக்கிளைத் தூக்கிக் கட்டி, இரண்டு சக்கரத்தையும் அவரே மாட்டிக்கொடுத்தார். ஸ்டாண்டு அசையாமல் நின்றது. அதை யாரும் கவனித்துச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சைக்கிளைத் துடைத்து, கேரியரில் துணி மடித்துப் போட்டு, வாசலில் தயாராக நிறுத்தினேன். செயின் சத்தமே இல்லை. தங்கை வெளியே வந்து அதைச் சுற்றிக்கொண்டு தாண்டிப் போய், பாதையில் நின்று புத்தகத்தை நீட்டினாள். இன்றைக்குக் கணக்கு, என்னால் கேட்கமுடியாது என்றேன். கேள்வியைப் படித்தால் போதும், பதில் சரியா தப்பா என்பது அவள் கவலை என்றாள்.

பரீட்சை முடிகிற வரைக்கும் நடந்தேதான் போனோம். சைக்கிளில் போனால் நேரம் மிச்சம் என்று தினமும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.

ரிசல்ட் வந்த அன்று வளவு முழுக்க அம்மா சர்க்கரை கொடுத்தாள். வேலுக்கும் கொஞ்சம் வைத்தாள், எறும்பு மொய்த்தது. ஃபிட்டர் வந்து, அண்ணன் அத்தனை பாடுபட்டதுக்குப் பலன் கிடைத்தது என்று கேலியும் மரியாதையுமாகச் சொன்னார். தங்கை அதை ஒப்புக்கொண்டாள்.

"அந்தப் பனியன் துணி மட்டும் இழுபடாம இருந்திருந்தா சைக்கிள்ல உக்காந்தே போயிருப்பேன், நா ஃபெயிலுங்க."

அவள் டிரெய்னிங்குக்குப் போன பிறகு ஸ்டாண்டின் மேல் அம்மா சுரைக்கொடி ஏற்றிவிட்டாள். காய் பெருத்துக் கனம் ஏறியபோது அதைத் தாங்க ஒரு கட்டுப் போடச் சொன்னாள். எந்தத் துணியில் கட்டுவது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.