தாய்மாமன் மடி

என் கணவரும் என் அண்ணனும் ஒரே கட்சி. வண்டியில் ஒரே கொடிதான் கட்டுவார்கள், ஓட்டும் ஒரே சின்னத்துக்குத்தான். ஆனால் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்தால் வீடு ரெண்டுபடும். அருப்புக்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கும் என் கணவருக்கு அரசாங்கம் என்றாலே வேப்பங்காய். வரியைக் குறைத்துவிட்டு, அவனவன் பிழைப்பை அவனவன் பார்க்க விட்டால் போதும் என்பார். பாலவனத்தத்தில் விவசாயம் பார்க்கும் அண்ணனுக்கோ அரசாங்கம் பலமாக இருக்க வேண்டும். ராணுவம் பெருக வேண்டும், எதிரி நாட்டுக்குள் புகுந்து அடிக்க வேண்டும், ஊருக்குள்ளும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இட்லி பரிமாறுவது என் வேலை.

எல்லையில் பதற்றமாக இருந்த நாட்களில், ராணுவத்துக்கு ஆதரவாக ஒருநாள் கடையடைப்பு என்று கட்சியில் முடிவெடுத்தார்கள். அண்ணன்தான் முன்னால் நின்று கடைகடையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாரும் ஷட்டரை இறக்கினார்கள், என் கணவரைத் தவிர.

"என் கடைய எப்பத் தெறக்கணும், எப்பச் சாத்தணும்னு நாந்தான் முடிவு பண்ணுவேன், மச்சான்."

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட வந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவது வழக்கம். அந்த மாமனைப் பிள்ளையின் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். கணவரிடம் கெஞ்சினேன். வருவதும் வராததும் அவர் இஷ்டம், தான் யாரையும் வற்புறுத்துவதில்லை என்றார். கொள்கையாம். தட்டை நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணன் தட்டைத் தொடவில்லை. மாப்பிள்ளை வந்து அழைப்பதுதான் முறை, முறையை விட்டுவிட்டால் அப்புறம் குடும்பம் எதற்கு என்றார். அதுவும் கொள்கைதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. தட்டோடு திரும்பி வந்தேன்.

கோயிலில், வெளியூரிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா மகன் மடி கொடுத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பிள்ளை அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும், மாமா வரட்டும், மாமா வரட்டும் என்று கைகாலை உதைத்துக்கொண்டு கத்தினாள். அவள் தலை அசையாமல் நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். பிள்ளை அழுதாளா என்று கேட்டார். உங்களைத் தேடித்தான் அழுதாள் என்றேன்.

"மாப்பிள்ள ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேம்மா."

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் அதைச் சொன்னேன். மகளின் காதில் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"வந்திருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

இரண்டு பேர் சொன்னதும் நிஜம். ஆனால் பிள்ளைக்குக் காது ஒரு தடவைதான் குத்துவார்கள்.