எலிகள் பிழைத்த நாள்

காரைக்குடியில் புற்றுநோய் எலிகளோடு நான் கழித்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது எங்கள் துறைத் தலைவரின் முகம்தான். அந்த ஆள்மேல் ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. நோயுற்ற எலியின் வயிற்று நீரை வாரம் ஒருமுறை ஊசியில் எடுத்து அடுத்த எலிக்கு ஏற்றுவேன். கூடவே புற்றுநோய் மருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துவந்தேன். இரண்டு வருடத்தில், எவ்வளவு மருந்துக்கும் சாகாத செல்கள் என் கையில் இருந்தன. மருந்து ஏன் தோற்கிறது என்று ஆராய அதைவிட வேறென்ன வேண்டும்? மானகிரித் தச்சர் மகளான எனக்கு அது பெரிய சொத்து. தலைவர் கட்டுரை எழுதினார். அதில் என் பெயர் இல்லை, அவருடைய மருமகன் பெயர் இருந்தது. அந்த மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டுகூட எலிக்கூண்டுப் பக்கம் வந்ததில்லை.

தலைவரிடம் கேட்டதற்கு, "ஊசி போடுறதெல்லாம் ஆராய்ச்சியாம்மா?" என்றார்.

எலிகளையும் மருமகனுக்கே கொடுத்தார். பராமரிக்க, நான் வேலை பழக்கிய சாக்கோட்டை மாணவியைப் போட்டார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"அக்கா, இனியும் ஒவ்வொரு தடவையும் மருந்து குடுக்கணுமா?"

கொடுக்கத்தான் வேண்டும். நிறுத்தினால் சில மாதங்களில் அந்தச் செல்கள் எதிர்ப்பை இழந்துவிடும். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"வேணாம்த்தா. அது இனி மாறாது," என்றேன்.

நாலைந்து மாதம் கழித்து, சென்னையிலிருந்து மருத்துவர்கள் அந்தச் செல்களைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்குக் காட்டவென்று எலிகளுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்து வைத்திருந்தார்கள். மருந்துக்கு மசியாமல் நோய் முற்றிச் செத்திருக்க வேண்டிய எலிகள் கூண்டில் துள்ளிக்கொண்டு கடலை கொறித்தன. தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசி வரிசையில் நின்று ஆசை தீரப் பார்த்தேன். பொய் சொல்வானேன், அன்று சாப்பாடு அப்படி ருசித்தது.

மறுநாளே அவர் நிமிர்ந்துவிட்டார். மாணவிதான் எலிகளை மாற்றிப்போட்டுவிட்டாள் என்று சொல்லி, அவளை ஆராய்ச்சியிலிருந்தே நீக்கினார்.

சொல்லிக்கொண்டு போக என்னிடம் வந்தாள். "நான்தான் மருந்து வேணாம்னேன்னு அவர்கிட்டச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்களையும்ல அனுப்பியிருப்பாக. மறந்துபோய்ச் சொல்லியிருப்பீக, எனக்குத் தெரியாதாக்கா?"

பேருந்துக்குக் காசு கொடுத்து அவளை அனுப்பிவைத்தேன்.

எழுபதுகளில் என்னிடம் பலர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினார்கள். எல்லாக் கட்டுரைகளிலும் மாணவர் பெயரை முதலில் போட்டேன், தலைவர் கண்ணில் படட்டும் என்றே. அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

அந்தச் சாக்கோட்டை மாணவி ஒக்கூரில் பள்ளி ஆசிரியையாகிவிட்டாள். அவளிடம் படித்த பெண்ணொருத்தி கல்லூரி முடித்து என்னிடம் சேர வந்தாள். யார் அனுப்பியது என்று கேட்டேன்.

"எங்க டீச்சர்தான். காரைக்குடியில இருக்க அந்தம்மா எதையும் ஒளிக்காமச் சொல்லிக் குடுப்பாக, அங்குட்டே போன்னாக."