மல்லாட்டை எண்ணெய் குடித்த எஞ்சின்

எங்கள் சித்தப்பா சைகோனுக்குக் கப்பலேறியதற்கு மல்லாட்டை எண்ணெய், அதாவது வேர்க்கடலை எண்ணெய்தான் காரணம் என்று முத்தியால்பேட்டையில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கண்ணால் பார்த்தவள், என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

அப்பா நெல் மெஷின் வைத்திருந்தார். அந்த வருஷம் எஞ்சினுக்கு வரவேண்டிய குரூடாயில் பீப்பாய்கள் வந்து சேரவில்லை. வாசலிலோ நெல் வண்டிகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. எந்த வேலையிலும் நிலைக்காத சித்தப்பா, ஏதோ பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்துவிட்டு, இருக்கிற குரூடாயிலில் மல்லாட்டை எண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்தால் ஓடும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்பா ஒரு நிபந்தனை போட்டார். ஓடினால் மெஷின் பொறுப்பு தம்பிக்கு. கெட்டால், சைகோனில் மாமா பார்த்து வைத்திருந்த கடை உத்தியோகத்துக்கு மறுபேச்சில்லாமல் போய்விட வேண்டும். சித்தப்பாவுக்குக் கடல் தாண்டக் கொஞ்சமும் மனசில்லை. அவரில்லாத வீட்டை எனக்கு நினைத்துப் பார்க்கக்கூடத் தெரியாது.

எஞ்சின் ஓடியது. ஜோராக ஓடியது. ஆனால் புகையில் வடை சுடும் வாசனை! ஆண்டவர் பட்ட பாடுகளை நினைக்கும் தபசு காலம் வேறு. ஒருசந்தி என்று ஒரே வேளை சாப்பிட்டு விரதம் இருந்த தெருவே தவித்துப் போயிற்று. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வடை தின்கிறோம் என்று பக்கத்து வீட்டு அத்தை கிளப்பிவிட, அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் எஞ்சினைக் காட்டினாள்.

சித்தப்பா எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நிறுத்துவதற்குக் கால் மணி முன்னால் குழாயைத் திருப்பி, வெறும் குரூடாயிலில் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கலவை உள்ளேயே ஆறி, பிசினாகி அடைத்துக்கொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் சாக்கு வாங்கப் போயிருந்தார். தபசு வெள்ளிகளில் மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர்விட்ட நேரம் என்று கோயில் மணி அடிக்கும். அடித்ததும் அப்பா எஞ்சினைச் சட்டென்று நிறுத்திவிட்டு முட்டி போட்டார். அன்றைய வேலையும் அதோடு முடிந்தது. குழாயை அவர் திருப்பவில்லை. பக்கத்தில் முட்டி போட்டிருந்த நான் பார்த்தேன். செபத்தின்போது பேசினால் பாவம் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் மறந்தும் போனேன்.

மறுநாள் எஞ்சின் அசையவில்லை. வண்டிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா சித்தப்பாவைக் கிழித்துத் தோரணம் கட்டினார். சித்தப்பா குழாயைக் கழற்றி, விரலில் ஒட்டிய பிசினைப் பார்த்தார். அண்ணன் முகத்தையும் பார்த்தார்.

"என் தப்புதாண்ணே" என்றார்.

கப்பல் நாளன்று காலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

"அப்பா, அன்னிக்கு மணி அடிச்சப்ப நீங்க குழாயத் திருப்பவே இல்லியே?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தப்பா அவசரமாக, "சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும், சாப்பிடுங்கண்ணே" என்றார். அப்பா பாதியில் எழுந்து கை கழுவினார்.

கடற்கரையில் கூலிக்காரர்கள் ஓடிவந்தார்கள். அப்பா அவர்களை விலக்கிவிட்டு, கோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தம்பியின் தகரப் பெட்டியைத் தானே தலையில் தூக்கிக்கொண்டார். ஊரே பார்த்தது. எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. நாலு காசு கூலிக்கு இத்தனை கஞ்சத்தனமா என்று சித்தப்பாவிடம் முணுமுணுத்தேன். அவர் பெட்டிக்குப் பின்னால் அழுதுகொண்டே நடந்தார். பாவம், கப்பலென்றால் பயம் போலிருக்கிறது என்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன்.